கடல்நீர்த் தொட்டியும் இருபது நாள் காத்திருப்பும்

எட்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தேன். 100 லிட்டர். பாக்கெட் உப்பைக் கரைத்து, மணல் போட்டு, பம்பை ஓடவிட்டு, மறுநாளே இரண்டு க்ளவுன் மீன் விட்டாச்சு. "தண்ணி தெளிஞ்சா போதும் சார், விட்டுடலாம்" என்றார் கடைக்காரர். தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஆறாம் நாள் காலையில் இரண்டும் மணலில் செத்துக் கிடந்தன. பையனுக்கு அப்போது ஏழு வயது. "தண்ணி சுத்தமாத்தானே இருக்கு, ஏம்ப்பா செத்துச்சு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் இதுதான். மீன் கழிக்கும் அமோனியா கண்ணுக்குத் தெரியாது. அதைத் தின்று நைட்ரைட்டாக்க ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் வேண்டும், அந்த நைட்ரைட்டை அவ்வளவாக நஞ்சில்லாத நைட்ரேட்டாக்க இன்னொரு கூட்டம் வேண்டும். இரண்டும் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இந்தக் காத்திருப்பைத்தான் சைக்கிளிங் என்கிறார்கள். கடல்நீரின் பிஹெச் 8.2 வாக்கில் இருப்பதால் அமோனியாவின் நச்சுப் பங்கும் அங்கே கூடுதல். இது யாருக்கு, எப்போது தெரிய வந்தது என்று தேடப் போனதில் கிடைத்த கதை இது.

1846 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரைக்குப் போன ஆனா தின் என்ற பெண்மணி, அங்கிருந்து சில கல் பவளங்களை ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பெரிய பதவியில் இருந்த பாதிரியார். பவளம் உருண்டு அடிபடக் கூடாதென்று ஊசி நூலால் ஒரு கடற்பஞ்சில் தைத்து வைத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்ற வேண்டும். லண்டனில் கடல்நீருக்கு எங்கே போவது? அதனால் இருந்த தண்ணீரையே திறந்த ஜன்னல் முன்னால் நின்று பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றினார்கள், நம்மூரில் டீ ஆற்றுகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். ஆற்றியது பெரும்பாலும் வீட்டு வேலைக்காரச் சிறுமி. அந்தப் பெண்ணுக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது என்று அம்மையார் எழுதியிருக்கிறார். அந்தப் பெண் என்ன சொல்லியிருப்பாளோ!

1847 வசந்தத்தில் அவர் கடற்பாசி வளர்ந்த கல் துண்டுகளை வரவழைத்துத் தொட்டியில் போட்டார். பாசி காற்றைச் சரிசெய்யும் என்பது அவர் கணக்கு. இன்று கடைகளில் எடை போட்டு விற்கும் லைவ் ராக்கும் இதே சங்கதிதான். கல்லோடு நுண்ணுயிர்களும் சேர்ந்தே வந்திருக்கும். பவளங்கள் பிழைத்துக் குட்டியும் போட்டன.

அதே லண்டனில் அப்போத்திக்கரீஸ் ஹாலில் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன், 1849இல் ஒரு நன்னீர்த் தொட்டியில் இரண்டு தங்கமீன், ஒரு நீர்ச்செடி, அழுகும் இலையைத் தின்ன சில நத்தை என்று வைத்துப் பார்த்தார். செடி ஆக்சிஜன் தருகிறது, மீன் கரியமில வாயு தருகிறது, நத்தை குப்பை அள்ளுகிறது: சமநிலை. 1850 மார்ச்சில் இதை வேதியியல் சங்கத்தில் படித்தார். பிறகு கடல்நீரிலும் செய்து காட்டினார். அழகான கொள்கை. பாதிதான் உண்மை. அமோனியா அந்தக் கணக்கிலேயே இல்லை.

1853இல் ரீஜென்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சி சாலையில் மீன் வீடு திறந்தது. அதில் பங்கு பெற்ற ஃபிலிப் ஹென்றி காஸ், மறுவருஷமே செயற்கைக் கடல்நீருக்குச் செய்முறை எழுதினார். சாதாரண உப்பு மூன்றரை அவுன்ஸ், எப்சம் உப்பு கால் அவுன்ஸ், மெக்னீசியம் குளோரைடு 200 கிரெயின், பொட்டாசியம் குளோரைடு 40 கிரெயின், நாலு குவார்ட்டுக்குச் சற்றுக் குறைவான தண்ணீர். அவ்வளவுதான். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது உப்புக் கணக்கு இல்லை, அடுத்த வரி. பாசி ஒட்டிய கல்லை மட்டும் போட்டுவிட்டு, உயிர்களை உடனே விடாமல் சில நாள் பொறுத்தார். பாசியின் வித்துகள் தண்ணீரில் பரவட்டும் என்பது அவர் சொன்ன காரணம். காரணம் தப்பு, செயல் சரி. மென்பொருளில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறோம். ஏன் ஓடுகிறது என்று தெரியாமலே ஓடும் கோடு.

சரியான காரணம் சாக்கடையிலிருந்து வந்தது. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், ம்யூன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியாகக் கழிவுநீரைச் சொட்டுச்சொட்டாக இறக்கினார்கள். இருபது நாள் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் அமோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவி செலுத்தினால் நின்றது. அதை நீக்கி, கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றியதும் மறுபடி தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் இருபது நாள் எதற்குக் காத்திருக்கும்? உள்ளே ஏதோ உயிர் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு தொட்டி சைக்கிள் ஆவதை அவர்களுக்குத் தெரியாமலே அளந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இந்தச் சோதனையைக் கையில் எடுத்தவர் பெயரைப் பார்த்ததும் முதலில் எழுத்துப்பிழை என்று நினைத்தேன். ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் வாரிங்டன் 1867இலேயே இறந்துவிட்டாரே! இவர் மகன். 1838இல் பிறந்தவர், அப்பாவின் ஆய்வுக்கூடத்திலேயே வேதியியல் கற்றவர். அப்பா தொட்டி வைத்தபோது பையனுக்குப் பதினோரு வயது. அமோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒன்று, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொன்று என்று காட்டியவர் இவர். அப்பாவின் சமநிலையில் விட்டுப்போன துண்டு அதுதான்.

ஆனால் அந்த உயிர்களைத் தனியாகப் பிரிக்க அவரால் கடைசிவரை முடியவில்லை. அக்கால வழக்கப்படி ஜெலட்டினில் வளர்க்கப் பார்த்தார்கள். இவை அந்தச் சாப்பாட்டைத் தொடுகிற ஜாதியே இல்லை. ஜூரிக்கில் இருந்த வினோகிராட்ஸ்கி, கரிமப் பொருள் இல்லாத ஊடகத்தில் வளர்த்து 1890இல் பிரித்தெடுத்தார். இவ்வளவு வருஷ உழைப்புக்குப் பிறகு பெயர் வேறொருவருக்குப் போனது. பாடப்புத்தகத்தில் மகன் வாரிங்டனைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

கதை அதோடும் முடியவில்லை. அமோனியாவைத் தின்பது பாக்டீரியா மட்டும்தான் என்று நூறு வருஷத்துக்கு மேல் நம்பியிருந்தார்கள். 2005இல் அதே வேலையைச் செய்யும் ஓர் ஆர்க்கியாவை முதல்முறையாகப் பிரித்து வளர்த்தார்கள். நைட்ரோசோபூமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர். கிடைத்த இடம் ஆழ்கடல் இல்லை. சியாட்டில் அக்வேரியத்தின் ஒரு வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டி.

போன வருஷம் மறுபடி தொட்டி வைத்தோம். இந்தத் தடவை மீன் இல்லை, ஒரே ஓர் இறாலைப் போட்டு அழுக விட்டோம். நாற்றத்துக்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. பையன்தான் தினமும் டெஸ்ட் கிட்டில் சொட்டு விட்டு நிறம் பார்த்து நோட்டில் எழுதினான். பதினெட்டாம் நாள் அமோனியா இறங்கியது, நைட்ரைட் ஏறியது. முப்பத்து மூன்றாம் நாள் இரண்டுக்கும் நேராகப் பூஜ்யம் போட்டுவிட்டு, "இப்ப விடலாம்ப்பா" என்றான்.