பாட்டில் கசியவிட்டதைப் பிடித்த கதை

1973-இல் அமெரிக்காவில் பி.வி.சி. பாட்டில்களில் அடைத்த மதுவைச் சோதித்தபோது, அதில் வினைல் குளோரைடு கலந்திருப்பது தெரியவந்தது. பி.வி.சி. பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளே இந்த வாயுதான். பிளாஸ்டிக்காக மாறாமல் மிஞ்சிய சொற்ப அளவு பாட்டிலின் சுவரிலேயே தங்கியிருந்து, மெல்ல மெல்ல மதுவில் இறங்கியிருந்தது. அத்தகைய பாட்டில்களில் மது அடைப்பதைத் தடை செய்யலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்த ஆண்டே முன்மொழிந்தது. 1974 ஜனவரியில் கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலிருந்து இன்னும் மோசமான செய்தி வந்தது. அங்கே பி.வி.சி. ஆலையில் வேலை பார்த்த சிலர், ஆஞ்சியோசார்கோமா என்னும் மிக அரிதான கல்லீரல் புற்றுநோய்க்குப் பலியாகியிருந்தார்கள்.

ஆலைக் காற்றில் இருந்த அதே நஞ்சு சமையல் எண்ணெயிலும் பழச்சாற்றிலும் எவ்வளவு இருக்கிறது? ஆய்வகங்கள் உடனடியாகப் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இது. ஆய்வாளர்கள் கையில் இருந்ததோ பழைய வழி. 1879-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட், பாலின் கொழுப்பை அளப்பதற்காக ஒரு கண்ணாடிக் கருவியை வடிவமைத்தார். கரைப்பானைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து, மாதிரியின் மேல் மறுபடி மறுபடி சொட்டவிட்டால் வேண்டிய பொருள் கரைந்து வந்துவிடும். பிறகு கரைப்பானை ஆவியாக்கினால் போதும். ஆனால் வினைல் குளோரைடின் கொதிநிலை மைனஸ் 13 டிகிரி செல்சியஸ். கரைப்பான் ஆவியாவதற்கு முன்பே அது பறந்து போய்விடும்.

பறந்து போகும் குணத்தையே கைப்பிடியாக்கிக்கொண்டார்கள். சிறு கண்ணாடிக் குப்பியில் எண்ணெயைப் பாதியளவு ஊற்றி, ரப்பர் அடைப்பான் வைத்து அலுமினிய மூடியால் இறுக்கி, வெந்நீர்த் தொட்டியில் வைப்பார்கள். சூடேறியதும் வினைல் குளோரைடு எண்ணெயை விட்டு மேலே உள்ள காற்றுக்கு வந்துவிடும். ரப்பரில் ஊசியைச் செருகி அந்தக் காற்றை மட்டும் உறிஞ்சி, கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவிக்குள் செலுத்துவார்கள். ரசச் சட்டியின் மூடியைத் திறந்ததும் பெருங்காயம் போட்டிருப்பதை மூக்கு சொல்லிவிடுவது போலத்தான். ரசத்தைத் தொடவே வேண்டியதில்லை.

இந்த முறை சட்டத்தின் சொற்களுக்குள்ளேயே நுழைந்தது. 1978-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பிறப்பித்த ஆணைப்படி, பொட்டலப் பிளாஸ்டிக்கில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் வினைல் குளோரைடு இருக்கக் கூடாது. உணவுக்குள்ளோ அது கண்டறியக்கூடிய அளவில் இறங்கவே கூடாது. கண்டறியும் முறையும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரை பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆய்வகம் எவ்வளவு நுட்பமாகப் பிரித்தெடுக்க முடிந்ததோ, அதுவே பாதுகாப்பின் எல்லையாக எழுதப்பட்டது.

பிளாஸ்டிக்கை நெகிழவைக்கும் தாலேட்டுகள் வேறு வகைத் தொல்லை. 1970-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ருடால்ஃப் ஜேகரும் ராபர்ட் ரூபினும், பி.வி.சி. பைகளில் சேமித்த ரத்தத்தில் அவை இறங்கியிருப்பதைக் காட்டினார்கள். கொழுப்பு இருக்கும் இடத்தில் தாலேட்டுகள் ஒட்டிக்கொள்ளும். பாலிலிருந்தோ பாலாடைக்கட்டியிலிருந்தோ அவற்றைக் கரைத்து எடுத்தால் கொழுப்பும் கூடவே வந்து கருவியை அடைத்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், ஆய்வகத்திலேயே தாலேட்டுகள் இருப்பது. கையுறை, குழாய், மூடி, கரைப்பான், தூசி என எதிலிருந்தும் அவை மாதிரிக்குள் புகுந்துவிடும். அதனால் கண்ணாடிச் சாமான்களைச் சுமார் 400 டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்கில் சுடுகிறார்கள். ஒவ்வொரு தொகுதியோடும் உணவே சேர்க்காத வெற்று மாதிரி ஒன்றையும் எல்லாப் படிகளிலும் கொண்டுசெல்கிறார்கள். வெற்று மாதிரியில் தாலேட் தென்பட்டால், அன்றைய முடிவுகளை நம்ப முடியாது.

ஆய்வகத்துப் பிளாஸ்டிக்கே ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கும் வழிவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் ஃபெல்ட்மன் குழுவினர், ஈஸ்ட் நுண்ணுயிர் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஹார்மோன் போல நடக்கும் ஒரு பொருள் கிடைத்தது. ஆனால் ஈஸ்ட்டே இல்லாத திரவத்திலும் அது இருந்தது. படிப்படியாகப் பிரித்துத் தூய்மையாக்கிப் பார்த்தபோது அது பிஸ்பினால்-ஏ. நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம் செய்த பாலிகார்பனேட் குடுவைகள் அதைக் கசியவிட்டிருந்தன. அருணா கிருஷ்ணனை முதல் ஆசிரியராகக் கொண்ட அந்தக் கட்டுரை 1993-இல் வெளிவந்தது. குழந்தைகளின் பால் பாட்டில்களில் பிஸ்பினால்-ஏ கூடாது என்று ஐரோப்பா 2011-இலும் அமெரிக்கா 2012-இலும் விதித்தன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015-இல் அதையே செய்தது.

இதற்கிடையே பிரித்தெடுக்கும் வேலையும் எளிதானது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் யானுஷ் பாவ்லிஷின், 1990-இல் கேத்தரின் ஆர்தருடன் சேர்ந்து புதிய முறை ஒன்றை வெளியிட்டார். மேற்பூச்சுள்ள, தலைமுடி கனமே உள்ள சிலிக்கா இழையை மாதிரியில் முக்கினால், வேண்டிய பொருள்கள் பூச்சில் ஏறிக்கொள்ளும். இழையைக் கருவிக்குள் சூடாக்கினால் அவை இறங்கிவிடும். கரைப்பானே தேவைப்படாத இந்த முறையில், தண்ணீரிலும் குளிர்பானத்திலும் மிகச் சொற்பமாகக் கலந்திருப்பதைக்கூடப் பிடிக்க முடிகிறது.

இந்திய விதிகளின்படி, பிளாஸ்டிக் பொட்டலத்திலிருந்து உணவில் இறங்கும் பொருள்களின் மொத்த அளவு கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதைச் சோதிக்க, உணவுக்குப் பதிலாக வைத்த திரவத்தை ஆவியாக்கி, மிஞ்சும் எச்சத்தை எடை போடுகிறார்கள். எவ்வளவு இறங்கியது என்பதை அந்த எடை சொல்லும். இறங்கியது என்ன என்பதைச் சொல்லாது. வினைல் குளோரைடு போலப் பறந்துவிடும் பொருள் அந்தக் கணக்கில் வரவே வராது. எண்ணெய், பால், குடிநீர் ஆகியவற்றில் இறங்கும் பொருள்களைப் பெயர் சொல்லிப் பிரித்தறியும் சோதனை, அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் அன்றாட வேலையாக வேண்டும். அதன் முடிவுகள் மக்கள் பார்வைக்கும் வர வேண்டும்.