பேஸ்போலும் இருட்டடிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் முதனிலைக் கூட்டிணைவைச் சேர்ந்த பேஸ்போல் கழகம் எதுவுமில்லை. எனினும் சிக்காகோவின் இரு கழகங்களும், சென் லூயிஸ், கன்சாஸ் சிற்றி, மினசோற்றா, மில்வோக்கிக் கழகங்களும் அம்மாநிலத்தைத் தத்தம் ஒளிபரப்பு எல்லைக்குள் அடக்கிக்கொண்டன. நாடெங்கும் நடைபெறும் போட்டிகளைக் காண்பதற்கெனச் சந்தா செலுத்திய அயோவா இரசிகருக்கு, அவர் பெரிதும் விரும்பிய இவ்வாறு கழகங்களின் ஆட்டங்களே மறைக்கப்பட்டன. இவ்விருட்டடிப்பு எவ்வாறு தோன்றியது, யாருக்குப் பயன்பட்டது என்பன ஆராயத்தக்கன.

இதன் வேர் நுழைவுச்சீட்டு வருமானம் பற்றிய அச்சத்திலே உள்ளது. ஆட்டத்தை வீட்டிலிருந்தே கேட்பவன் அரங்கிற்கு வரமாட்டான் என்று கருதிய நியூயோர்க்கின் மூன்று கழகங்களும் 1930களில் தம் போட்டிகளை வானொலியில் ஒலிபரப்புவதில்லை என உடன்பட்டன. 1939இல் புறூக்கிளின் கழகம் அவ்வுடன்பாட்டிலிருந்து விலகியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 26ஆம் திகதி அக்கழகத்தின் மைதானத்திலிருந்தே முதனிலைக் கூட்டிணைவுப் போட்டியொன்று முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று.

அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1949இல் சிறு கூட்டிணைவுகளின் போட்டிகளுக்கு ஏறத்தாழ 4 கோடிச் சீட்டுக்கள் விற்பனையாயின. 1960களின் தொடக்கத்தில் அத்தொகை நாலிலொரு பங்களவாகச் சுருங்கியது. மோட்டார் வாகனமும் புறநகர் வாழ்வும் இதற்குக் காரணமாயினும், பழி பெரிதும் தொலைக்காட்சி மீதே சுமத்தப்பட்டது. 1953இல் பொஸ்ரனிலிருந்து மில்வோக்கிக்குப் பெயர்ந்த கழகம் உள்ளூர் ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தடுத்தது. அவ்வாண்டு 18 இலட்சம் பேர் அரங்கிற்கு வந்தமை அக்கொள்கைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய வாராந்தத் தேசிய ஒளிபரப்பும், முதனிலைக் கழகங்களுள்ள நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த 50 மைல் எல்லையிலும் இருட்டடிக்கப்பட்டது.

ஒளிபரப்பு உரிமையைக் கழகங்கள் கூட்டாக விற்க இடமளித்த 1961ஆம் ஆண்டுச் சட்டமும் இந்நியாயத்தையே ஏற்றது. கழகமொன்று தன் ஊரில் ஆடும் நாளில், அதன் பிரதேசத்தில் மட்டுமே தடைக்கு அது இடமளித்தது. அரங்கின் வாயிலைக் காப்பதே நோக்கமாதலின் இவ்வரையறை பொருத்தமானதே.

கேபிள் தொலைக்காட்சி பரவியபின் நிலைமை மாறிற்று. கழகங்கள் தம் பிரதேசத்திற்குரிய தனியுரிமையைப் பிரதேச விளையாட்டு அலைவரிசைகளுக்கு விற்றன. அவ்வலைவரிசைகளின் கட்டணமோ, ஆட்டம் பார்ப்பவர் பாராதவர் என்ற வேறுபாடின்றிக் கேபிள் சந்தாதாரர் அனைவரிடமும் அறவிடப்பட்டது. வேறு வழியாக எவரும் ஆட்டத்தைக் காணலாகாது என்பதே அவ்வியாபாரத்தின் உயிர்நாடி. ஆகவே, கழகம் ஆயிரம் மைலுக்கப்பால் ஆடும் நாளிலும் அதன் பிரதேசத்திற்கு இணையவழி ஒளிபரப்பு மறுக்கப்பட்டது. நிரப்புவதற்கு உள்ளூர் அரங்கில் ஆசனமேயில்லாத நாளில் நுழைவுச்சீட்டு நியாயம் எங்ஙனம் பொருந்தும்? அயோவாவின் டி மொயின் நகரத்தவர் மினியாபொலிஸ் அரங்கையடைய 200 மைல்களுக்கு மேல் செல்லவேண்டும் என்பதும் நோக்கற்பாலது.

1922இல் உயர் நீதிமன்றம் பேஸ்போல் ஆட்டத்தை மாநிலங்களுக்கிடையிலான வணிகமன்று எனக் கொண்டு, தனியுரிமைத் தடைச் சட்டத்தினின்றும் விலக்களித்தது. உள்ளூர்க் காட்சியென நீதிமன்றிலே கருதப்பட்ட ஆட்டத்தை நடத்துவோர், பல மாநிலங்களைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டமை முரணானதே. 2012இல் இரசிகர் சிலர் இப்பங்கீட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2016இல் ஏற்பட்ட இணக்கத்தால் சந்தா குறைந்தது, இருட்டடிப்பு நீங்கவில்லை.

வழக்கினால் நீங்காதது வணிக வீழ்ச்சியினால் நெகிழ்ந்தது. மக்கள் கேபிளைக் கைவிட்டமையால், பல கழகங்களின் ஒளிபரப்பை நடத்திய நிறுவனம் 2023 மார்ச்சில் கடனிறுக்க வகையற்று நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. மே 31இல் சான் டியேகோக் கழகத்தின் ஒளிபரப்பைக் கூட்டிணைவே பொறுப்பேற்று, உள்ளூர் மக்களும் இணையவழிச் சந்தா பெற இடமளித்தது. இரசிகரின் முறைப்பாடு பல்லாண்டுகளாகச் சாதியாததை ஒப்பந்தமொன்றின் முறிவு சாதித்தது. வாயிலைக் காக்க எழுந்த விதி, வாயிலை மறந்து ஒப்பந்தத்தையே காத்துநின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.