கேன்சரைப் பிடிக்கப் போய் வேறொன்றைப் பிடித்த டெஸ்ட்

நுரையீரல் தழும்பு நோய் (ஐ.எல்.டி.) இருக்கிறவங்க சிலரோட லேப் ரிப்போர்ட்ல 'கே.எல்-6'னு ஒரு வரி இருக்கும். விரிவு: 'கிரெப்ஸ் ஃபொன் டென் லுங்கன்'. ஜெர்மன்ல 'நுரையீரல் புற்று'. பயப்படாதீங்க, கேன்சர் இருக்கான்னு பார்க்க நாங்க இதை எழுதறதில்ல. அப்புறம் ஏன் இந்தப் பேரு? ஒரு குட்டி த்ரெட்.

நம்ம செல்களோட மேற்பரப்புல இருக்கிற புரதங்கள்ல சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். (இனிப்பைக் குறைச்சா கேன்சர் குறையுமான்னு கமென்ட்ல கேக்காதீங்க, இது வேற கதை.) செல் புற்றா மாறும்போது இந்தச் சங்கிலிகளும் மாறும். மியூசின் புரதங்கள்ல கிளை விட்டு நீளமா இருந்தது குட்டையாகும், நுனியில சியாலிக் அமிலம் வந்து உக்காரும்.

1975-ல கோலரும் மில்ஸ்டைனும் ஒரே மாதிரி ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடிச்சாங்க. அப்புறம் என்ன, உலகம் முழுக்க லேப்கள்ல எலிக்குக் கேன்சர் செல்லை ஊசி போடுறதே வேலை. வந்த ஆன்டிபாடிகள்ல பல, புரதத்தை விட்டுட்டு அதுமேல இருந்த சர்க்கரையைத்தான் பிடிச்சது.

1980-கள்ல ஜப்பானிய மருத்துவர் நோபுவோகி கோனோவோட குழு, நுரையீரல் அடினோகார்சினோமா செல்களை வச்சு இதையே செஞ்சாங்க. கிடைச்சதுல ஒண்ணுதான் கே.எல்-6. அது பிடிச்சது 'மக்-1' மியூசின்ல இருந்த சியாலிக் அமிலம் கொண்ட சங்கிலியை. ஜெர்மன் பேரு ஏன்னா, மெய்ஜி காலத்துல ஜப்பான் மருத்துவம் படிச்சது ஜெர்மனிகிட்ட. இன்னைக்கும் அங்க கேஸ் ஷீட்டுக்கு 'காருதே'ன்னுதான் பேரு.

ரத்தத்துல அளந்து பார்த்தா சிக்கல். கேன்சரே இல்லாத, நுரையீரல் தழும்பு நோய் உள்ளவங்களுக்கும் எகிறுது! கேன்சர் டெஸ்ட்டா பார்த்தா இது ஃபெயில். கோனோ அதைக் குப்பையில போடல. 1989-லேயே தழும்பு நோயோட தீவிரத்தைக் காட்டும் அளவுகோலா எழுதினார். எனக்கு இந்தக் கதையில பிடிச்ச இடம் இதுதான்.

காரணம் எளிமையானது. காற்றறையில இருக்கிற டைப்-2 செல்களும் இதைச் சுரக்கும். காயம் பட்டா அந்தச் செல்கள் பெருகும், நடுவுல இருக்கிற சுவர் ஓட்டையாகும், கே.எல்-6 ரத்தத்துக்குள்ள கசியும். 1999-ல ஜப்பான் தழும்பு நோய்க்கு இதை அங்கீகரிச்சது.

2002-ல அங்க ஜெஃபிடினிப் மாத்திரை வந்தது. நுரையீரல் புற்றுக்கு நல்ல மருந்து, ஆனா சிலருக்கு நுரையீரலே வெந்துபோய் உயிர் போச்சு. கேன்சர் வார்டு கைவிட்ட டெஸ்ட், மருந்தும் கதிர்வீச்சும் நுரையீரலைப் பாதிக்குதான்னு பார்க்க அதே வார்டுக்குத் திரும்பி வந்தது.

ஆனா இப்பவும் பழைய சிக்கல் போகல. கேன்சரும் தழும்பும் சேர்ந்தே இருக்கிறவருக்கு நம்பர் ஏறினா, ஏறினது எதனாலன்னு அந்த நம்பர் சொல்லாது. சி.டி. எடுத்துத்தான் ஆகணும்.