கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக் காற்பந்தாட்டம்

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக் காற்பந்தாட்டம் என்பது தமிழ்நாட்டின் தென்கோடியிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவ ஊர்களில், கடலோர மணற்பரப்பில் ஆடப்பட்டுவரும் காற்பந்தாட்டத்தைக் குறிக்கும். நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டியுள்ள தூத்தூர் வட்டாரம் இவ்வாட்டத்துக்குப் பெயர் பெற்றது. பொருளாதாரத்தில் பின்தங்கிய ஒரு சமூகம் கட்டணமும் கட்டமைப்பும் இன்றி ஒரு விளையாட்டைத் தனதாக்கிக்கொண்டதற்கும், அதே சமூகம் மேல்நிலைப் போட்டிகளை எட்டுவதில் எதிர்கொள்ளும் தடைகளுக்கும் இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

அமைவிடமும் மக்களும்

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து தமிழ்நாட்டுடன் இணைந்தது. ஏறத்தாழ 70 கிமீ நீளமுள்ள இதன் கடற்கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் உள்ளன. குழித்துறைத் தாமிரபரணி ஆற்றின் முகத்துவாரத்துக்கு மேற்கே இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஆகிய எட்டு ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் கத்தோலிக்க மீனவர்கள். இவ்வூர் ஆண்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் முறையில் சுறா முதலிய மீன்களைப் பிடிப்பதில் தேர்ந்தவர்கள்.

இவ்வூர்கள் கடலுக்கும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய்க்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமாக அமைந்துள்ளன. வீடுகளுக்கே இடம் போதாத இந்நிலத்தில் விளையாட்டுத் திடலுக்கு இடம் காண்பது அரிது. எனவே கடற்கரையே திடலாயிற்று.

மணலில் ஆட்டம்

காற்பந்தாட்டத்துக்குத் தேவையான பொருள் ஒரு பந்து மட்டுமே. மணலில் வெறுங்காலுடன் ஆடுவதால் காலணிச் செலவும் இல்லை. மணலில் கால் புதைவதால் ஓட்டத்துக்குக் கூடுதல் வலு தேவைப்படும். பந்து சீராக உருளாது. ஆகவே அதைக் காற்றில் வைத்துக் கையாளும் திறன் வளரும்.

இதே பெயரில் பன்னாட்டு விதிகளுடன் கூடிய தனி விளையாட்டும் உண்டு. 1992 இல் விதிகள் வகுக்கப்பட்ட அந்தக் கடற்கரைக் காற்பந்தில் அணிக்கு ஐவர் வெறுங்காலுடன் 12 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆடுவர். ஃபிஃபா நடத்திய இதன் முதல் உலகக்கோப்பை 2005 இல் பிரேசிலில் நடந்தது. இந்தியாவில் முதல் தேசியப் போட்டி 2023 இல் சூரத்தில் நடைபெற்றது; அதில் கேரளம் வென்றது.

மணலிலிருந்து புல்தரைக்கு

பதினொருவர் ஆடும் காற்பந்தாட்டத்தின் விதிகள் காலணியைக் கட்டாயமாக்குகின்றன. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பலர் வெறுங்காலுடன் ஆடியது இன்று இயலாது. எனவே மணலில் பழகிய சிறுவர் மேல்நிலைக்குச் செல்லப் பின்வரும் படிகளைக் கடக்க வேண்டியுள்ளது.

- காலணி: வளரும் வயதில் அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதால் இது தொடர் செலவாகும்.
- தரை: புல்தரையில் பந்தின் வேகமும் துள்ளலும் வேறானவை. அதற்குத் தனிப் பயிற்சி தேவை.
- தொலைவு: மாவட்ட விளையாட்டரங்கமான அறிஞர் அண்ணா விளையாட்டரங்கம் நாகர்கோவிலில் உள்ளது. தூத்தூரிலிருந்து அது ஏறத்தாழ 40 கிமீ தொலைவு.
- தொழில்: பதின்ம வயதிலேயே கடலுக்குச் செல்பவர் வாரக்கணக்கில் பயிற்சியை இழப்பார். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை உள்ளது. ஆனால் ஆட்டக்காரர் ஊரிலிருக்கும் அதே தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலை மிகுந்து மணற்பரப்பு சுருங்கிவிடும்.

இப்படிகளைக் கடக்கக் கல்லூரி அணிகள் துணைபுரிகின்றன. தூத்தூரிலேயே தூய யூதா கல்லூரி இயங்குவதால், உள்ளூர் மாணவர் ஊரை விட்டு நீங்காமல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அளவிலான போட்டிகளில் பங்கேற்க வழியுண்டு.

குறிப்பிடத்தக்க ஆட்டக்காரர்கள்

இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் இக்கடற்கரையிலிருந்து தேசிய அளவுக்கு உயர்ந்தவர். நடுக்கள ஆட்டக்காரரான இவர் 2017–18 பருவத்தில் சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடினார். 2018 இல் இந்தியன் சூப்பர் லீக்கின் ஜம்சேத்பூர் அணியில் சேர்ந்தார். 2019–20 பருவத்தில் வாகை சூடிய ஏடிகே அணியில் இடம்பெற்றார். 2019 இல் இந்திய அணிக்காகவும் ஆடினார். இவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் சென்னை சிட்டி அணிக்காக ஆடியவர்.

கடலரிப்பும் பேரிடர்களும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாகக் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே மிகுதியானோர் உயிரிழந்தனர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் தூத்தூர் வட்டார மீனவர் பலர் கடலில் மாண்டனர்.

கடலரிப்பிலிருந்து வீடுகளைக் காக்கக் கரையோரம் கருங்கல் தடுப்புச் சுவர்கள் அமைக்கப்பட்டுள்ளன. இவை அமைந்த இடங்களில் ஆடுதற்குரிய மணற்பரப்பு குறைகிறது. தூண்டில் வளைவுகள் அமைந்த இடங்களில் ஒருபுறம் மணல் சேர, மறுபுறம் அரிப்பு மிகும். இதனால் ஓர் ஊர் தன் திடலை இழக்க, அடுத்த ஊருக்குத் திடல் கிடைப்பதும் உண்டு. செலவற்ற திடலாக இருந்த கடற்கரை மறையும்போது, மாற்றுத் திடல் அமைப்பது பொதுப்பணத்தைச் சார்ந்த செயலாகிறது.

பெண்களின் பங்கேற்பு

கடற்கரை ஊரின் பொதுவெளியாகவும் ஆண்களின் தொழிலிடமாகவும் இருப்பதால், அங்கு ஆடுவது சிறுவர்க்கு எளிது, சிறுமியர்க்கு அவ்வாறன்று. அவர்களுக்குப் பள்ளியே முதன்மை வாயிலாகும். இவ்வாயில் திறந்தால் விளையும் பயனைத் தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் காணலாம். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியில் இடம்பெற்றார். தமிழ்நாடு மகளிர் அணி தேசிய வாகையர் பட்டத்தை 2018 இல் முதன்முறையாகவும், 2023 இல் மீண்டும் வென்றது.

உரிமையும் அரசு நடவடிக்கைகளும்

யுனெசுக்கோ 1978 இல் வெளியிட்ட உடற்கல்வி, விளையாட்டு ஆகியவற்றுக்கான பன்னாட்டுப் பட்டயம், விளையாட்டை அனைவருக்குமான அடிப்படை உரிமையாக அறிவித்தது. 2015 இல் திருத்தப்பட்ட வடிவில் உடற்செயற்பாடும் சேர்க்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2024 இல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருட்கள் அடங்கிய தொகுப்புகளை வழங்கத் தொடங்கியது. பந்தும் வலையும் இவ்வாறு ஊரை எட்டும். எனினும் கடலோர ஊர்களைப் பொறுத்தவரை திடல், காலணி, பயணச் செலவு ஆகிய மூன்றுமே திறமையுள்ள சிறுவர் எவ்வளவு தொலைவு செல்வர் என்பதைத் தீர்மானிக்கின்றன.