திண்ணை வாசலும் ஃபிளாட் வாசலும்

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே பல ஊர்களில் ஓட்டு வீடுகள் இன்னும் தெருவைப் பார்த்துத் திண்ணையோடு நிற்கின்றன. கோவையில் சரவணம்பட்டி, வடவள்ளி, சிங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் அடுக்குமாடிகள். இரண்டிலும் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே சொந்தம்தான். அப்புச்சியும் அம்முச்சியும் ஊரில் இருப்பார்கள். பேரன் பேத்திகள் ஃபிளாட்டில். பொங்கல் நெருங்கினால் இரு வீட்டாரும் வாசலைப் புதுப்பிக்க இறங்குகிறார்கள். ஆனால் வாங்கும் பொருள், போடும் உழைப்பு, செய்தது தாங்கும் காலம் மூன்றும் வேறு வேறு. கையில் இருக்கிற சின்னத் தொகைக்குள், சொந்தக் கையாலேயே வாசலை மாற்ற நினைப்பவர் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. ஒன்றின் அழகை இன்னொன்றில் ஒட்டுவது எளிது. அதன் கணக்கை எடுத்துக்கொள்வதில்தான் மிச்சம் இருக்கிறது.

இடம்

கொங்கு நாட்டுப் பழைய வீட்டில் வாசல் என்பது ஒரே இடமாக இருப்பதில்லை. முதலில் சாணம் தெளித்த வெளிவாசல், அப்புறம் படி, படிக்கு இருபுறமும் திண்ணை, பிறகு கதவு நிலை, அதைத் தாண்டினால் ஆசாரம் என்னும் கூடம். வெளியிலிருந்து வருகிறவர் தெருப்புழுதியை ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு வருவார். செருப்பு படிக்குக் கீழே நின்றுவிடும். ஓரமாக வைத்த தண்ணீரில் கால் கழுவுவார். தலைச்சுமையும் மண்வெட்டியும் திண்ணை மூலையில் இறங்கும். ‘வாங்க, உக்காருங்க’ என்ற சொல்லும் அங்கேயே கிடைக்கும். உள்ளே போவதா, வந்த காரியத்தைச் சொல்லிவிட்டுத் திரும்புவதா என்பது அதற்கு அப்புறம்தான்.

ஃபிளாட்டில் இத்தனை வேலையும் கதவுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்னச் சதுரத்தின் மேல் விழுகிறது. செருப்பு, ஹெல்மெட், குடை, வண்டிச் சாவி, பால் பை, குழந்தையின் பள்ளிப் பை, வெளியே போகவேண்டிய குப்பை எல்லாம் அங்கேதான் சேரும். இடம் போதாமல் செருப்பு அலமாரி கதவுக்கு வெளியே நகர்ந்துவிடுகிறது. ஆனால் நடைபாதையும் படிக்கட்டும் எல்லாக் குடியிருப்போருக்கும் பொதுவானவை. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டமும் அவற்றைப் பொதுப் பகுதியாகவே வைக்கிறது. தீப்பிடித்தால் எல்லோரும் இறங்கி ஓடவேண்டிய வழியும் அதுதான். அலமாரி வெளியே போனால் அழகு கெடுவதோடு, ஆபத்தும் கூடுகிறது.

ஆக, திண்ணை வீட்டில் வேலைகளுக்கு இடம் பரவிக் கிடக்கிறது. ஃபிளாட்டில் வேலைகள் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கின்றன. முன்னதற்கு அலங்காரம் முதல் வேலையாக இருக்கலாம். பின்னதில் ஒழிப்பதும் ஒதுக்குவதும்தான் முதல் வேலை. ஆறு மாதமாகக் காலில் ஏறாத செருப்புகளை எடுத்துப் போட்டாலே பாதி வாசல் மாறிவிடும். இதற்குச் செலவு எதுவுமில்லை.

பொருள்

ஊர் வீட்டின் புதுப்பிப்பு சுண்ணாம்பில் தொடங்கும். மதுக்கரையும் சங்ககிரியும் சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்டு ஆலைகள் அங்கே வந்ததே அதனால்தான். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் தாளித்து, ஆறவிட்டு, வடிகட்டி, கொஞ்சம் பசையும் நீலமும் கலந்து மட்டையால் அடிப்பார்கள். அடித்த சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாக இறுகும். அதன் காரத்தன்மையில் பூஞ்சை சீக்கிரம் ஒட்டாது. சுவருக்குள் ஏறிய ஈரமும் அதன் வழியே வெளியேறிவிடும். திண்ணையின் அடிப்பகுதியில் காவிப்பட்டை. தெருவில் தெறிக்கும் சேறு அந்தச் செம்மண் நிறத்தில் தெரியாது என்பதால் அது அழகுக்கு அழகு, சிக்கனத்துக்குச் சிக்கனம்.

மார்கழியின் கடைசி நாளில் காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்துக் கட்டி எறவாரத்தில் செருகுவார்கள். தோட்டத்துக்கும் கட்டுத்தறிக்கும் கிணற்றடிக்கும் ஒவ்வொரு கொத்து போகும். மூன்றும் இட்டேரி என்னும் காட்டுப்பாதை ஓரத்திலும் மேட்டாங்காட்டிலும் கிடைப்பவை. பூளைப்பூ காய்ந்த பிறகும் உருக்குலையாமல் வெள்ளையாக நிற்கும். அடுத்த மார்கழி வரை அது அங்கேயே இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை.

ஃபிளாட் வாசலுக்குக் கடையில் கிடைப்பவை பிளாஸ்டிக் தோரணம், ஒட்டும் கோலம், அட்டைப்பலகைச் செருப்பு அலமாரி. பண்டிகை முடிந்தும் தோரணம் தொங்கும். அது வாடாது, ஆனால் தூசி படிந்து மங்கும். வாடியதைக் கழற்றுவோம், மங்கியதைக் கழற்ற மனம் வராது. ஒட்டுக்கோலத்தின் ஓரம் துடைப்பம் பட்டுப் பட்டு உரிந்து, உரித்தெடுத்தால் பசைக்கறை தரையில் நிற்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் அடி, வீடு துடைக்கும் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். உப்பினால் அதைச் செதுக்கிச் சரிசெய்ய வழியில்லை, குப்பைக்குத்தான் போகவேண்டும்.

இங்கேதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். ஊர் வாசலில் இருக்கும் பொருள்கள் தேய்ந்து போவதற்கென்றே வைக்கப்பட்டவை. அரிசிமாக் கோலம் எறும்புக்குப் போகும், சாணம் வெயிலில் காயும், சுண்ணாம்பு உதிரும். மறுபடி செய்வது சுலபம் என்பதால் தேய்வது ஒரு குறையாகத் தெரிவதில்லை. ஃபிளாட் வாசலில் இருப்பவை தேயாது என்று சொல்லி விற்கப்பட்டவை. அவை கெட்டுப்போகும்போது பழுதுபார்க்க இடம் தராமல் கெட்டுப்போகின்றன. குறைந்த செலவு என்பதை வாங்கும் நாளின் விலையை வைத்து மட்டும் கணக்கிட்டால் ஃபிளாட் பொருள்கள் மலிவு. ஐந்து பொங்கலைச் சேர்த்துக் கணக்கிட்டால் சுண்ணாம்பும் ஆவாரம்பூவும்தான் மலிவு.

இதைப் படித்துவிட்டு ஃபிளாட் சுவரில் சுண்ணாம்பு அடிக்கக் கிளம்பவேண்டாம். எமல்ஷன் பூசிய சுவர் தண்ணீரை உறிஞ்சாது. சுண்ணாம்பு அதில் பிடிக்காமல் தூளாகக் கொட்டும். மறுபுறம், ஊரில் பல வருஷச் சுண்ணாம்பு ஏறிய சுவரில் நேரடியாக எமல்ஷன் பூசினால் அது பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். சுரண்டி, பிரைமர் அடித்த பிறகே பூசவேண்டும். மண்ணும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவராக இருந்தால் சுண்ணாம்போடு விட்டுவிடுவதே நல்லது.

காற்றும் புழுதியும்

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்தப் பக்கத்துக்கே உரியது. உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுதான், மேற்கே பார்த்த வாசல்களில் புழுதியைக் கொண்டுவந்து கொட்டுவதும் அதுதான். ஊர் வீட்டில் நீண்டு இறங்கிய எறவாரமும் திண்ணையின் ஆழமும் பாதியை வெளியிலேயே தடுத்துவிடும். வாசல் தெளிக்கும் தண்ணீர் மீதிப் புழுதியை அடக்கும்.

ஃபிளாட்டில் அந்தக் காவலைக் கால்மிதிதான் செய்யவேண்டும். ஒன்று போதாது. வெளியே கரடுமுரடான கயிற்று மிதியடி, உள்ளே துணி விரிப்பு. முன்னது மண்ணை உதிர்க்கும், பின்னது நுண்தூசியையும் ஈரத்தையும் பிடிக்கும். தென்னைநார்த் தொழில் பொள்ளாச்சியைச் சுற்றிப் பெருகியிருப்பதால் முதலாவதற்கு அலையவேண்டியதில்லை. இரண்டாவதற்குப் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் பொருத்தமானது. கெட்டி நூல், அழுக்கை மறைக்கும் பட்டைக்கோடுகள், துவைத்துத் துவைத்துப் போடலாம். சென்னிமலைத் தறிப் போர்வை பழசானால் அதை மடித்துத் தைத்தும் விரிக்கலாம். எதுவானாலும் அடியில் வழுக்காத வலைவிரிப்பு வேண்டும். டைல்ஸ் தரையில் பெரியவர்கள் விழுவது வாசலிலும்தான் நடக்கிறது.

உழைப்பு

ஊர் வாசலை மெச்சுகிறபோது அது யார் கையால் ஆனது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். விடியும் முன் எழுந்து வாசல் கூட்டி, சாணம் தெளித்து, கோலம் போட்டது பெண்கள். அந்த நேரத்துக்கு யாரும் விலை போட்டதில்லை. செலவில்லாத வாசல் என்று நாம் சொல்வதில் அவர்களின் விடியற்காலைகள் கணக்கில் சேராமல் போய்விட்டன. இன்னொன்றும் உண்டு. திண்ணை எல்லோருக்கும் உட்காரும் இடமாக இருக்கவில்லை. தோட்டத்தில் பாடுபட்டவர்களில் பலர் சாதியின் பேரால் வெளிவாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். அந்த வாசல் வரவேற்றது போலவே விலக்கியும் வைத்தது.

ஃபிளாட் கதவில் அந்தக் கோடு அழிந்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. வேலைக்கு வருபவருக்குத் தனி லிஃப்ட் வைத்த குடியிருப்புகள் இருக்கின்றன. உழைப்பைப் பொறுத்தவரை ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. ஃபிளாட் வாசலை மாற்றும் வேலையில் ஸ்க்ரூ டிரைவரும் உப்புத்தாளும் பிரஷ்ஷும் வந்ததும், வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாக அதைப் பங்குபோட முடிகிறது. ஊர் வீடு ஃபிளாட்டிடம் கற்கவேண்டியது இதைத்தான்.

கைவேலை

ஃபிளாட் ஊரிடம் எடுத்துக்கொள்ள முதலில் நிற்பது திண்ணை. நின்றுகொண்டே ஷூ மாட்டத் தடுமாறும் எவருக்கும் அதன் தேவை தெரியும். 45 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளத்தில் ஒரு பெஞ்சு. அடியில் இரண்டு தட்டு செருப்பு. கோவையின் பம்பு, தறி இயந்திரப் பட்டறைகளைச் சுற்றியுள்ள பழைய பொருள் கடைகளில் பேக்கிங் மரம் கிடைக்கும். வெளிநாட்டுப் பெட்டிகளாக இருந்தால் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலக விதிப்படி, சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரத்தில் ‘எச்.டி.’ என்றும், மெத்தில் புரோமைடு புகை போட்டதில் ‘எம்.பி.’ என்றும் எழுத்துகள் இருக்கும். இரண்டாவதை வீட்டுக்குள் கொண்டுவரவேண்டாம். ஆணிகளைப் பிடுங்கி, உப்புத்தாளில் 80-இல் தொடங்கி 120, 220 என்று தேய்க்கவேண்டும். பைன் மரம் பிளக்கக்கூடியது, அதனால் ஸ்க்ரூ முடுக்குமுன் சின்னத் துளை போடவேண்டும். கால்களுக்கு அடியில் ரப்பர் குமிழ் வைத்தால் துடைக்கும் தண்ணீர் ஏறாது. ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

அடுத்தது கொக்கிகள். ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் தொடங்கிய நூல் மில்லிலிருந்து எத்தனையோ மில்கள் கோவையை ஓட்டின. அவற்றில் சுழன்ற மரப் பாபின்கள் பழைய சாமான் கடைகளில் இன்னும் கண்ணில் படும். நாலைந்து பாபின்களை ஒரு பலகையில் வரிசையாக முடுக்கினால் சாவியும் பையும் தொப்பியும் மாட்ட இடமாகிவிடும். வாடகை வீடாக இருந்தால் பலகையைச் சுவரில் துளைக்காமல் பெஞ்சின் முதுகோடு சேர்த்து நிறுத்தலாம்.

மூன்றாவது விளக்கு. பழைய வீட்டில் நிலைக்குப் பக்கத்து மாடத்தில் அகல் எரியும். வருபவரின் முகம் தெரிய அது போதும். ஃபிளாட்டில் அதற்கு 9 வாட் எல்.இ.டி. போதும். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டைத் தொடாது. வெள்ளை வெளிச்சத்தைவிட இளமஞ்சள் வெளிச்சத்தில் மரமும் ஜமக்காளமும் எடுப்பாகத் தெரியும்.

தீர்ப்பு

ஊர் வீட்டுக்காரருக்கு: சுண்ணாம்பையும் காவியையும் விட்டுவிட்டுத் திண்ணையில் டைல்ஸ் ஒட்டும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். டைல்ஸ் ஒருநாள் பெயர்ந்தால் கொத்தனார் வேண்டும், சுண்ணாம்பு உதிர்ந்தால் மட்டையே போதும். அந்தப் பணத்தில் படிக்கு ஒரு கைப்பிடியும் நல்ல விளக்கும் போடலாம்.

ஃபிளாட்காரருக்கு: முதலில் ஒழியுங்கள், அடுத்து விளக்கு, பிறகு மிதியடியும் பெஞ்சும். கையில் மிச்சம் இருந்தால்தான் தோரணம். அதையும் பிளாஸ்டிக்கில் வாங்கவேண்டாம். மார்கழி கடைசியில் கோவைச் சந்தைகளிலேயே காப்புக் கொத்து விற்பனைக்கு வரும். ஒன்றை வாங்கிக் கதவு நிலையில் கட்டுங்கள், அடுத்த வருஷம் அதைக் கழற்றிப் புதிதைக் கட்டுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிக் கட்டும் வேலை இருக்கும் வரை வாசலைக் கவனிக்கவும் ஒரு நாள் இருக்கும். அந்த ஒரு நாளை எந்தக் கடையும் விற்பதில்லை. வாசல் கெடாமல் இருப்பதும் அதனால்தான்.