மீளாய்வுக் கட்டுரை: ஆய்வும் எழுத்தும்

மீளாய்வுக் கட்டுரை என்பது, ஓர் அறிவியல் வினா குறித்து அதுவரை நடந்த ஆய்வுகளைத் தேடித் திரட்டி, ஒவ்வொன்றின் தரத்தையும் எடைபோட்டு, அவை யாவும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று நிறுவும் கட்டுரை. இதை எழுதுபவர் புதிதாகச் சோதனை எதுவும் செய்வதில்லை. பிறர் செய்த சோதனைகளே இவருக்குத் தரவு. அதனாலேயே இதை ஆய்வுக்கு ஒரு படி கீழான தொகுப்பு வேலையாகக் கருதும் பழக்கம் நெடுங்காலம் இருந்துவருகிறது. அது பிழையான கருத்து. மீளாய்வும் ஓர் ஆய்வே. ஆய்வகச் சோதனைக்கு இருப்பதைப் போலவே இதற்கும் முன்கூட்டி வகுத்த வினாவும், பிறர் திரும்பச் செய்து பார்க்கத்தக்க முறையும், முடிவு தமக்கு உவப்பாக இல்லாவிட்டாலும் அதை ஏற்கும் நேர்மையும் வேண்டும். இவை இல்லாத மீளாய்வு, எழுதியவர் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும், அவருடைய கருத்தாக மட்டுமே நிற்கும்.

மீளாய்வுகளை மூன்று பெரும் வகைகளாகப் பிரிக்கலாம். ஒரு துறையின் வளர்ச்சியையும் கோட்பாடுகளையும் விளக்கிச் செல்வது விவரண மீளாய்வு. ஒரு குறுகிய வினாவை எடுத்துக்கொண்டு, அறிவிக்கப்பட்ட விதிகளின்படி எல்லா ஆய்வுகளையும் தேடி மதிப்பிடுவது முறைசார் மீளாய்வு. அவ்வாறு திரட்டிய ஆய்வுகளின் எண்களைப் புள்ளியியல் வழியில் ஒன்றிணைப்பது மெட்டா பகுப்பாய்வு. எல்லா மீளாய்வும் மெட்டா பகுப்பாய்வாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எதைத் தேடினோம், எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று சொல்லும் கடமை மூன்றுக்கும் பொது.

தோற்றமும் வளர்ச்சியும்

ஸ்கர்வி நோய் பற்றி ஜேம்ஸ் லிண்ட் 1753இல் வெளியிட்ட நூலில், அந்நோய் குறித்து அதுவரை எழுதப்பட்டவற்றைக் காலவரிசைப்படி ஆராயும் பகுதி ஒன்று உண்டு. 1904இல் கார்ல் பியர்சன், டைபாய்டு தடுப்பூசி குறித்துப் பல இடங்களில் கிடைத்த தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார். 1932இல் உயிர்வேதியியலுக்கான ஆண்டு மீளாய்வுத் தொகுதி அமெரிக்காவில் தொடங்கியது. மெட்டா பகுப்பாய்வு என்ற பெயரை ஜீன் கிளாஸ் 1976இல் வழங்கினார். ஒவ்வொரு மருத்துவத் துறையும் தன் சோதனைகளை முறையாகத் தொகுத்து அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்று 1979இல் வலியுறுத்திய ஆர்ச்சி காக்ரேனின் பெயரில், 1993இல் காக்ரேன் கூட்டமைப்பு உருவாயிற்று.

இந்த இயக்கம் தோன்றியதற்குக் காரணம், பழைய முறையின் தோல்வி எண்களில் தெரியவந்ததுதான். 1985–86இல் நான்கு முதன்மையான மருத்துவ ஆய்விதழ்களில் வந்த 50 மீளாய்வுகளைச் சிந்தியா முல்ரோ ஆராய்ந்து 1987இல் முடிவை வெளியிட்டார். ஆய்வுகளை எப்படித் தேடினோம், எப்படித் தேர்ந்தோம், எப்படிச் சரிபார்த்தோம் என்பதைத் தெளிவாகச் சொன்னது ஒரே ஒரு கட்டுரை. இதன் விலை என்ன என்பதை 1992இல் வந்த இரு ஆய்வுகள் காட்டின. மாரடைப்பு நோயாளிகளுக்கு இரத்த உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தைச் சிரை வழி செலுத்திப் பார்த்த 33 சோதனைகள் 1959 முதல் 1988 வரை நடந்திருந்தன. அவற்றில் 36,974 பேர் பங்கேற்றனர். அந்தச் சோதனைகளை வெளிவந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது, மருந்து உயிர் காக்கிறது என்பது 1973இலேயே, 8 சோதனைகளும் 2,432 நோயாளிகளும் ஆனபோதே, புள்ளியியல் வழியில் உறுதியாகியிருந்தது. இரண்டாவது ஆய்வு, பாடநூல்களையும் அறிஞர்களின் மீளாய்வுகளையும் இத்தகைய சான்றுகளோடு ஒப்பிட்டது. பயனுள்ள சிகிச்சைகளைப் பரிந்துரைப்பதில் அவை பின்தங்கியிருந்தன. பயனற்றவையும் தீங்கு செய்யக்கூடியவையுமான சில சிகிச்சைகளைத் தொடர்ந்து பரிந்துரைத்தும் வந்தன. அவற்றை எழுதியவர்கள் துறையறிவில் குறைந்தவர்கள் அல்லர். குறை, சான்றைத் திரட்டும் முறை இல்லாததுதான்.

வினாவும் திட்டமும்

மீளாய்வின் முதல் வேலை வினாவைக் குறுக்குவது. ‘கர்ப்பகாலச் சிகிச்சைகள்’ என்பது தலைப்பு, வினா அல்ல. ‘குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்மார்களுக்குக் கார்டிகோஸ்டீராய்டு ஊசி போட்டால், போடாத நிலையோடு ஒப்பிடும்போது, பச்சிளங்குழந்தைகளின் இறப்பு குறைகிறதா?’ என்பது வினா. யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவு என்ற நான்கு கூறுகளும் இதில் உள்ளன. இந்த வினாவுக்கான முதல் சமவாய்ப்புச் சோதனையை நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹவி இருவரும் நடத்தி 1972இல் வெளியிட்டனர். அடுத்தடுத்து வந்த சோதனைகள் பலவும் தனித்து நின்று உறுதியான விடை தரவில்லை. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது ஊசியின் பயன் ஐயமின்றித் தெரிந்தது. மருத்துவம் சாராத துறைகளுக்கு இந்த நான்கு கூறுகள் அப்படியே பொருந்தாமல் போகலாம். அங்கும் எந்தப் பொருள், எந்தச் சூழல், எந்த அளவீடு என்று வரையறுக்காமல் தேடத் தொடங்கக் கூடாது.

அடுத்தது திட்ட வரைவு. எந்தத் தரவுத்தளங்களில் தேடுவோம், எந்த ஆண்டுகளை, எந்த மொழிகளை எடுப்போம், எந்த வகை ஆய்வுகளை ஏற்போம் என்பதையெல்லாம் கட்டுரைகளைப் படிப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். முடிவுகளைப் பார்த்த பிறகு விதி வகுப்பவர், தாம் விரும்பும் ஆய்வுகள் உள்ளே வரும்படி, தம்மை அறியாமலேயே, விதியை வளைத்துவிடுவார். உடல்நலம் சார்ந்த முறைசார் மீளாய்வுகளின் திட்டங்களைப் பதிவுசெய்ய, யார்க் பல்கலைக்கழகத்தின் பிராஸ்பெரோ பதிவேடு 2011 முதல் உள்ளது. பதிவேடு இல்லாத துறையினர் திட்டத்தைத் தேதியிட்டுப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் வைக்கலாம். ஏற்கெனவே அதே வினாவுக்கு நல்ல மீளாய்வு இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். இருந்தால், அதற்குப் பிறகு சான்று மாறியிருக்கிறது என்று காட்ட முடிந்தாலொழியப் புதிதாக எழுதத் தேவையில்லை.

தேடலும் தெரிவும்

ஒரே பொருளை ஆய்வாளர்கள் வெவ்வேறு சொற்களால் குறிப்பார்கள். ‘ஹார்ட் அட்டாக்’ என்று மட்டும் தேடுபவருக்கு ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்று எழுதியவர்களின் கட்டுரைகள் தப்பிப்போகும். எனவே ஒவ்வொரு கருத்துக்கும் மாற்றுச் சொற்களின் பட்டியல் தயாரித்து, அவற்றை ‘அல்லது’ உறவால் சேர்த்து, கருத்துகளை ‘மற்றும்’ உறவால் இணைத்துத் தேட வேண்டும். பப்மெட் மட்டும் போதாது. எம்பேஸ், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் போன்றவற்றுள் துறைக்கேற்ப வேறொன்றாவது வேண்டும். கிடைத்த முக்கியக் கட்டுரைகள் மேற்கோள் காட்டியவற்றைப் பின்னோக்கியும், அவற்றை மேற்கோள் காட்டியவற்றை முன்னோக்கியும் பார்க்க வேண்டும். தேடல் தொடர், தேடிய நாள், கிடைத்த எண்ணிக்கை மூன்றையும் அன்றன்றே குறித்துக்கொள்வது கட்டாயம். பிறகு நினைவிலிருந்து எழுதினால் பிழை வரும்.

அச்சில் வந்ததை மட்டும் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு, மனச்சோர்வு மருந்துகள் பற்றி 2008இல் வெளிவந்த ஆய்வு சான்று. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் பதிவான 74 சோதனைகளில், அந்த நிர்வாகம் சாதகமானவை என்று மதிப்பிட்டவை 38. அவற்றில் 37 ஆய்விதழ்களில் வந்துவிட்டன. மற்ற 36இல் 22 வெளிவரவே இல்லை. 11 சாதகமான முடிவு போலத் தோன்றும்படி வெளிவந்தன. உள்ளது உள்ளபடி வந்தவை 3 மட்டுமே. ஆய்விதழ்களை மட்டும் படித்தவருக்கு ஏறக்குறைய எல்லாச் சோதனையும் வெற்றி. உண்மையில் பாதிதான் வெற்றி. இந்த வெளியீட்டுச் சாய்வை ஈடுகட்டவே சோதனைப் பதிவேடுகள், அரசு அறிக்கைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள் ஆகியவற்றையும் தேட வேண்டியிருக்கிறது.

திரட்டியவற்றில் இரட்டிப்புகளை ஸோட்டெரோ போன்ற மென்பொருளால் நீக்கிவிட்டு, முதலில் தலைப்பையும் சுருக்கத்தையும், பிறகு முழுக் கட்டுரையையும் பார்த்துத் தேர்வு செய்வார்கள். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பாராமல் தேர்வு செய்து, பிறகு ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களில் கலந்து முடிவெடுப்பது நல்ல முறை. முழுக் கட்டுரை வரை வந்து விலக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிவைக்க வேண்டும். 2009இல் வெளிவந்து, பின்னர் 2020 பதிப்பாகத் திருத்தப்பட்ட பிரிஸ்மா நெறிமுறையின் 27 அம்சங்கள், இவற்றையெல்லாம் கட்டுரையில் எப்படிச் சொல்வது என்பதற்கு வழிகாட்டுகின்றன.

வாசிப்பும் மதிப்பீடும்

மேற்கோளை நம்பாமல் மூலத்தைப் படிப்பது மீளாய்வாளரின் அடிப்படை ஒழுக்கம். 1980இல் ஓர் அமெரிக்க ஆய்விதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் இருந்தபோது போதைசார் வலிமருந்து பெற்ற 11,882 நோயாளிகளில் 4 பேரிடம் மட்டுமே அடிமைத்தன்மை பதிவானதாக அது சொன்னது. வீட்டில் நீண்டகாலம் மருந்து உண்பவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2017இல் வந்த கணக்கெடுப்பின்படி அந்தக் கடிதத்தை 608 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. 439 கட்டுரைகள் அடிமைத்தன்மை அரிது என்பதற்கு அதைச் சான்றாக்கின. 491 கட்டுரைகள் அது மருத்துவமனை நோயாளிகளைப் பற்றியது என்பதையே குறிப்பிடவில்லை. வட அமெரிக்காவில் போதைசார் வலிமருந்து நெருக்கடி வளர இந்த மேற்கோள் பழக்கமும் துணைபோயிற்று என்பது அந்தக் கணக்கெடுப்பை நடத்தியவர்களின் முடிவு.

மூலத்தைப் படித்த பின் ஒவ்வோர் ஆய்விலிருந்தும் ஒரே வகைத் தகவல்களை ஒரே அட்டவணையில் எடுத்தெழுத வேண்டும்: எத்தனை பேர், எந்த வடிவமைப்பு, எவ்வளவு காலம், எந்த அளவீடு, என்ன முடிவு, யார் பணம் தந்தார்கள். ‘ஆதரவாக 7, எதிராக 4’ என்று தலைகளை எண்ணி முடிவுகட்டுவது தவறு. 20 பேரைக் கொண்ட ஆய்வும் 2,000 பேரைக் கொண்ட ஆய்வும் அந்த எண்ணிக்கையில் ஒன்றாகிவிடும். ஒவ்வோர் ஆய்விலும் சாய்வு எந்த வழியில் புகுந்திருக்கலாம் என்று பார்த்து, மொத்தச் சான்றின் உறுதியை உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று தரப்படுத்தும் கிரேடு முறை பரவலாகப் பயன்படுகிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் கவனிக்க வேண்டும். தீவிர நோயாளிகளுக்கு ஏற்றப்படும் ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் திரவம் பற்றி 2013இல் ஒரு மெட்டா பகுப்பாய்வு வந்தது. ஆய்வு முறைகேட்டால் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்ட ஒருவரின் 7 சோதனைகளை விலக்கியபோதுதான், அத்திரவம் இறப்பைக் கூட்டுகிறது என்பது அதில் தெரிந்தது.

எழுதும் முறை

தொடக்க எழுத்தாளர்களிடம் காணப்படும் பெருங்குறை, ‘இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்’ என்று ஆய்வாளர் வரிசையில் எழுதிச் செல்வது. அது குறிப்பேடு, மீளாய்வு ஆகாது. கட்டுரை வினாக்களின் வரிசையில் அமைய வேண்டும். ஒவ்வொரு பத்தியும் ஒரு கூற்றை முன்வைத்து, அதற்கான சான்றையும் அச்சான்றின் உறுதியையும் சொல்ல வேண்டும். ஆய்வுகள் முரண்படும் இடத்தில் இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு நகரக் கூடாது. மருந்தின் அளவு, நோயாளிகளின் வயது, அளவிட்ட முறை என எதனால் முரண் வந்தது என்று தேடுவதே மீளாய்வாளரின் சொந்தப் பங்களிப்பு. சொற்களிலும் அளவு வேண்டும். கூர்நோக்கு ஆய்வு தொடர்பை மட்டுமே காட்டும்; அங்கே ‘காரணம்’ என்று எழுதுவது மிகை. முறைகள் பகுதியைத் தேடும்போதே எழுதிவிட்டு, சுருக்கத்தைக் கடைசியாக எழுதுவது நல்லது. இறுதியில் மீளாய்வின் குறைகளையும், அடுத்து எந்தச் சோதனை தேவை என்பதையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ‘மேலும் ஆய்வு தேவை’ என்ற பொதுவாக்கியம் யாருக்கும் உதவாது.

மறுப்புகளும் விடைகளும்

இம்முறை அறிஞரின் நுண்ணறிவைக் கொன்று எந்திர வேலையாக்கிவிடுகிறது என்பது முதல் மறுப்பு. டிரிஷ் கிரீன்ஹால் உள்ளிட்டோர் 2018இல் எழுதிய கட்டுரை, விவரண மீளாய்வைத் தாழ்த்திப் பேசுவது பொருந்தாது என்று வாதிட்டது. அதில் உண்மை உண்டு: ஒரு கருத்து எப்படி வளர்ந்தது, கோட்பாடுகள் எங்கே மோதுகின்றன போன்றவற்றை எண்களைச் சேர்த்து அறிய முடியாது. ஆனால் அந்த விளக்கத்துக்கும் எந்த நூல்கள் அடிப்படை, அவை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதைச் சொல்லத் தடை எதுவுமில்லை. வெளிப்படையாகச் சொல்வதால் நுண்ணறிவு குறைவதில்லை. அதைப் பிறர் சோதிக்க வழி திறக்கிறது.

முறையைப் பின்பற்றியும் மோசமான மீளாய்வுகள் பெருகுகின்றனவே என்பது இரண்டாவது மறுப்பு. தேவையற்றவையும் தவறாக வழிநடத்துபவையுமான முறைசார் மீளாய்வுகள் பெருமளவில் உற்பத்தியாகின்றன என்று ஜான் யோனிடிஸ் 2016இல் எச்சரித்தார். இது முறையின் குற்றமல்ல. முறையின் வடிவத்தை மட்டும் நிரப்பி வினாவை மறந்ததன் விளைவு. யோனிடிஸால் அந்தக் குறைகளைக் கண்டறிய முடிந்ததற்கே, அக்கட்டுரைகள் தம் முறையை வெளியில் சொல்லியிருந்தது ஒரு காரணம். தனியாக உழைக்கும் மாணவரால் இவ்வளவும் இயலாது என்பது மூன்றாவது. இயலாவிட்டால் வினாவைக் குறுக்கலாம், ஆண்டுகளைக் குறுக்கலாம், ஒருவரே தேர்வு செய்ததாக ஒப்புக்கொள்ளலாம். குறையை மறைப்பதே பிழை. மென்பொருளும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் தேடலை விரைவாக்கலாம். ஆயினும் இல்லாத கட்டுரைகளை இருப்பதாகக் காட்டும் பழக்கம் அத்தகைய கருவிகளுக்கு உண்டு என்பதால், மூலத்தைப் படிக்கும் கடமை இன்னும் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

பயன் எட்டும் தொலைவு

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, பாதிக்கப்பட்டவர்களுக்கு உடனடியாக ஒருமுறை உளவியல் கலந்துரையாடல் நடத்துவது நல்லது என்ற எண்ணம் உதவிக்குழுக்களிடையே பரவலாக இருந்தது. அத்தகைய ஒற்றை அமர்வு பின்னாளைய மனப்பாதிப்பைத் தடுப்பதில்லை, தீங்கும் விளைவிக்கக்கூடும் என்று காக்ரேன் மீளாய்வு ஏற்கெனவே காட்டியிருந்தது. பேரிடர் களங்களுக்கு இத்தகைய சான்றுகளை எடுத்துச்செல்லும் எவிடன்ஸ் எய்ட் முயற்சி அந்தப் பேரலையைத் தொடர்ந்தே தொடங்கியது. மீளாய்வின் பிழையும் சரியும் இவ்வாறு உயிர்களைத் தொடுவதால், எழுதுபவர் தம் தேடல் தொடரையும், விலக்கிய கட்டுரைகளின் பட்டியலையும், தரவு அட்டவணையையும் கட்டுரையோடு சேர்த்து வெளியிட வேண்டும். அவற்றைத் தராத மீளாய்வை வாசகர் ஒருவருடைய கருத்தாக ஏற்கலாம். சான்றாக ஏற்கக் கூடாது.