5–13லிருந்து 4–3: ஒரு பனிக்காலத்தின் கணக்கு

காஞ்சிபுரத்துக்காரனுக்கு ஐஸ் ஹாக்கியில் என்ன வேலைன்னு வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்க ஊரில் ஐஸ் என்றால் ஜூஸ் கடையில் உடைக்கிற கட்டி, அவ்வளவுதான். ஆனால் பழைய ஸ்கோர்களைத் தோண்டுவது எனக்கு ஒரு பைத்தியம். அப்படி ஒரு ராத்திரி கண்ணில் பட்டது இது: சிங்கப்பூர் 13, இந்தியா 5.

2016 மார்ச், தைபே. ஆசிய சேலஞ்ச் கோப்பை. இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணியின் முதல் சர்வதேச ஆட்டம். படுதோல்விதான். ஆனால் அந்த 5 எப்படி வந்தது என்பதுதான் என்னை உட்கார வைத்த கேள்வி.

அணியில் பெரும்பாலானவர்கள் லடாக் பெண்கள். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அப்போது செயற்கை ஐஸ் தளம் கிடையாது. கர்சூ மாதிரி குளங்கள் உறைந்தால்தான் ஆட்டம். டிசம்பர் கடைசியில் தொடங்கினால் பிப்ரவரியில் உருகிவிடும். ஆக, இரண்டு மாசம். அதற்கப்புறம் குருகிராமில் ஒரு மாலுக்குள் இருந்த குட்டித் தளத்தில் பயிற்சி. பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். டேராடூனில் 2011ல் கட்டிய முழு அளவு உள்ளரங்கமோ, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது.

யாருக்கும் இது தொழில் இல்லை. கோல்கீப்பர் நூர் ஜஹான் பழைய ஓவியங்களைப் பாதுகாத்துச் செப்பனிடுபவர். நம்ம கைலாசநாதர் கோவிலில் மிஞ்சியிருக்கும் பல்லவர் ஓவியத் துணுக்குகளைப் பார்த்தவர்களுக்கு, அது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று தெரியும்.

அடுத்த வருஷம், 2017 மார்ச், பாங்காக். அதே கோப்பை. பிலிப்பைன்ஸுக்கு எதிராக 4–3. இந்தியப் பெண்களின் முதல் வெற்றி! அதே தொடரில் மலேசியாவையும் ஜெயித்தார்கள்.

காலண்டர்படி இந்த இரண்டு தொடருக்கும் நடுவில் ஒரு வருஷம். எங்க சாப்ட்வேர் பாஷையில் சொன்னால், புரோகிராம் உண்மையில் ஓடிய நேரம் வேறு. சொந்த ஊர்ப் பனியில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பனிக்காலம். அதை வைத்துக்கொண்டு பார்த்தால் 5–13 அவமானமாகத் தெரியவில்லை. 4–3 அதிர்ஷ்டமாகவும் தெரியவில்லை.

எங்க அப்பா தறிக்காரர். ஐப்பசி அடைமழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது, தறிக்குழியில் ஈரம் ஏறிடும். "வருஷத்துக்கு எத்தனை சேலைப்பா?" என்று யாராவது கேட்டால், "எத்தனை நாள் வெயில் அடிச்சுதுன்னு மொதல்ல கேளு" என்பார். லேயின் கணக்கும் அதேதான், வெயிலுக்குப் பதில் பனி.

2025ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வாங்கினார்கள். செய்தியைப் படித்ததும் அப்பாவிடம் சொன்னேன். "அவங்களுக்கு எத்தனை நாள் பனி?" என்றார்.

ரெண்டு மாசம்பா என்றேன். "அப்போ நல்ல நெசவுதான்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.